ஆய்வு வழி முதுநிலைப் பட்டம்: விதிகளை அறிந்து சேர்வோம்

மும்பைவாழ் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை முடித்தவுடன் பொறியியல், மருத்துவம், சி.ஏ., வங்கித் தேர்வு என்ற நான்கு வாசல்களைச் சுற்றியே பேச்சு நடக்கிறது. பி.எஸ்சி. முடித்த பிள்ளை, "நான் மேற்கொண்டு ஆராய்ச்சி செய்யப் போகிறேன்" என்று சொன்னால், அது மகிழ வேண்டிய செய்தியா, கவலைப்பட வேண்டிய செய்தியா என்று வீட்டில் பலருக்கும் விளங்குவதில்லை. எத்தனை ஆண்டுப் படிப்பு? செலவுக்குப் பணம் எங்கிருந்து வரும்? முடிவில் என்ன பட்டம் கிடைக்கும்? அந்தப் பட்டத்துக்கு வேலை உண்டா?

இக்கேள்விகளுக்குப் பெரும்பாலும் அக்கம்பக்கத்தாரிடம் விடை தேடுகிறோம். சரியான விடை பல்கலைக்கழகத்தின் விதிப்புத்தகத்தில் அச்சாகிக் கிடக்கிறது. குடும்பத்தில் முன்பே பட்டம் பெற்றவர்கள் இருந்தால் அவர்கள் வழி சொல்வார்கள். தாராவியிலும் செம்பூரிலும் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகளுக்கு அத்தகைய மாமாவோ சித்தப்பாவோ பல்கலைக்கழகத்தில் இல்லை. அவர்களுக்கு விதிப்புத்தகமே உற்ற துணை. அது எல்லோருக்கும் ஒரே விடையைச் சொல்லும், சிபாரிசு கேட்காது.

ஆராய்ச்சியை அடிப்படையாகக் கொண்ட முதுநிலைப் பட்டத்தின் விதிகளைப் புவி அறிவியல் துறையை எடுத்துக்காட்டாக வைத்து இக்கட்டுரையில் பார்ப்போம். இங்குச் சொல்பவற்றில் பெரும்பகுதி மற்ற அறிவியல் துறைகளுக்கும் பொருந்தும்.

புவி அறிவியல் எது?

பள்ளியில் நாம் புவியியல் என்று படித்தது நாடு, நகரம், ஆறு, மலை, விளைபொருள் ஆகியவற்றைப் பற்றியது. புவி அறிவியல் அதைவிட வேறானது. பாறைகளையும் கனிமங்களையும் ஆராயும் நிலவியல், நிலநடுக்க அலைகளையும் காந்தப்புலத்தையும் ஈர்ப்பையும் அளந்து மண்ணுக்கடியில் இருப்பதை அறியும் புவி இயற்பியல், நிலத்தடி நீரியல், கடலியல், வளிமண்டல இயல் ஆகியவை எல்லாம் இதில் அடங்கும்.

இத்துறைக்கு உதாரணம் தேடி நாம் எங்கும் போக வேண்டியதில்லை. மும்பை நகரம் நிற்பதே சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பாய்ந்த எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான பாறைகளின்மேல். அந்தேரியில் உள்ள கில்பர்ட் குன்றில் அந்தப் பாறை செங்குத்துத் தூண்களாக நிற்பதைக் கண்ணால் காணலாம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானதையும், மித்தி ஆறு பெருகியதையும் நம்மில் பலர் மறக்க முடியாது. அந்த ஆறு விகார், பவாய் ஏரிகளின் உபரி நீரில் தொடங்கி, தாராவியின் ஓரமாக வந்து, மாகிம் கழிமுகத்தில் கடலைச் சேர்கிறது. அதன் படுகையில் எவ்வளவு மண் சேர்ந்துள்ளது, கடல் ஏற்றத்தின்போது வெள்ளம் வடிய எவ்வளவு நேரமாகும் என்பவை புவி அறிவியல் மாணவர் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளத்தக்க கேள்விகள்.

இத்துறைக்கு மும்பையில் நீண்ட வரலாறும் உண்டு. கொலாபா ஆய்வகத்தில் 1841 முதல் புவியின் காந்தப்புலத்தை அளந்து வந்தார்கள். நகரத்துக்கு மின்சார டிராம் வந்தால் அளவீடு கெட்டுவிடும் என்பதால், 1904-இல் அலிபாகில் புதிய காந்த ஆய்வகம் அமைந்தது. அந்த மரபில் வந்த இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் இப்பொழுது நியூ பன்வேலில் இருக்கிறது. காந்த நடுக்கோடு தென் தமிழகத்தை ஒட்டிச் செல்வதால், இந்நிறுவனத்தின் ஆய்வகம் ஒன்று திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்திலும் இயங்குகிறது. தாராவியில் வாழும் எத்தனையோ குடும்பங்களின் சொந்த மாவட்டத்தில் உலகத்தரமான ஆய்வகம் ஒன்று இருப்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

தாள் வழியும் ஆய்வு வழியும்

முதுநிலைப் பட்டம் இரு வகையில் அமையும். பாடங்களைப் படித்து, ஒவ்வொரு தாளிலும் தேர்வெழுதி, மதிப்பெண் கூட்டிப் பெறுவது ஒரு வகை. ஒரு நெறியாளரின் கீழ் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, ஆய்வு செய்து, ஆய்வேடு எழுதி, தேர்வாளர்கள் முன் அதற்கு விடை சொல்லிப் பெறுவது இன்னொரு வகை. மும்பைப் பல்கலைக்கழகத்தில் தாள்கள் வழி எம்.எஸ்சி., ஆய்வு வழி எம்.எஸ்சி. என்று இரண்டும் வழக்கில் இருந்ததை மூத்தவர்கள் அறிவார்கள். சென்னை அண்ணா பல்கலைக்கழகம் ஆய்வு வழி எம்.எஸ். பட்டத்துக்குத் தனி விதிகள் வகுத்துள்ளது. பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தின் புவி அறிவியல் மையத்தில் எம்.டெக். ஆராய்ச்சிப் பட்டம் இருக்கிறது.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பெற்றோர் ஒன்றைக் கொண்டு எளிதில் நினைவில் வைக்கலாம். தாள் வழிப் படிப்பில் முடியும் நாளைப் பல்கலைக்கழகம் குறிக்கிறது. தேர்வு அட்டவணை வந்துவிடும். ஆய்வு வழிப் படிப்பில் முடியும் நாள் மாணவரின் வேலையையும் நெறியாளரின் ஒப்புதலையும் பொறுத்தது. ஆகவே குறைந்தபட்ச காலம் எவ்வளவு, அதிகபட்ச காலம் எவ்வளவு என்ற இரண்டையும் விதியில் பார்க்க வேண்டும். அதிகபட்சம் கடந்தால் பதிவு ரத்தாகுமா, நீட்டிப்பு உண்டா, நீட்டிப்புக்குக் கட்டணம் உண்டா என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

2022-க்குப் பின் மாறியவை

இத்துறையில் பழைய அறிவுரைகள் இனிச் செல்லா. "எம்.எஸ்சி. முடித்து எம்.ஃபில். செய், பிறகு பிஎச்.டி." என்பதே முன்பு எல்லோரும் சொன்ன வழி. பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட பிஎச்.டி. விதிகளின்படி, உயர்கல்வி நிறுவனங்கள் எம்.ஃபில். படிப்பை நடத்தக் கூடாது. அதற்கு முன் முறையாகச் சேர்ந்து பெற்ற எம்.ஃபில். பட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் எந்தக் கல்லூரியாவது புவி அறிவியலில் புதிதாக எம்.ஃபில். சேர்க்கை என்று அழைத்தால் அங்கே பணம் கட்டக் கூடாது.

அதே விதிகளின்படி, பிஎச்.டி.யில் சேர இரண்டு வாசல்கள் உள்ளன. முதுநிலைப் பட்டத்தில் 55 விழுக்காடு மதிப்பெண் பெற்றிருக்கலாம். அல்லது நான்காண்டு இளநிலைப் பட்டத்தில் 75 விழுக்காடு பெற்றிருக்கலாம். பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், இதர பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் ஆகியோருக்கு 5 விழுக்காடு தளர்வு தரலாம். பிஎச்.டி.க்குக் குறைந்தபட்சம் 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு.

அடுத்து, 2024 ஜூனில் மானியக் குழு முதுநிலைப் படிப்புகளுக்கான புதிய கட்டமைப்பை வெளியிட்டது. மூன்றாண்டு இளநிலை முடித்து இரண்டாண்டு முதுநிலையில் சேர்வோருக்கு இரண்டாம் ஆண்டில் மூன்று வழிகளை அது காட்டுகிறது: இரு பருவமும் பாடங்களே படிப்பது, மூன்றாம் பருவத்தில் பாடமும் நான்காம் பருவத்தில் ஆய்வும், இரண்டு பருவமும் ஆய்வே செய்வது. நான்காண்டு இளநிலை முடித்தவர்கள் ஓராண்டு முதுநிலையில் சேர்ந்து, அந்த ஆண்டைப் பாடமாகவோ, ஆய்வாகவோ, இரண்டும் கலந்தோ முடிக்கலாம். ஆனால் கட்டமைப்பில் இருப்பதெல்லாம் ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் நடைமுறைக்கு வந்துவிட்டதாகக் கொள்ளக் கூடாது. நாம் சேரப்போகும் பல்கலைக்கழகம் எந்த வழியைத் திறந்து வைத்திருக்கிறது என்று அதன் சொந்த விதியில் பார்க்க வேண்டும்.

கிரெடிட் கணக்கு: ஒரு பயிற்சி

விளம்பரத்தில் "ஆராய்ச்சி" என்ற சொல் பெரிய எழுத்தில் இருக்கும். உண்மையில் எவ்வளவு ஆராய்ச்சி என்பதை கிரெடிட் அட்டவணை காட்டிவிடும். கிரெடிட் என்பது படிப்பின் அளவு. பொதுவாக 15 மணி நேர வகுப்பு 1 கிரெடிட். ஆய்வகம், களம் முதலிய செய்முறை வேலையானால் 30 மணி நேரம் 1 கிரெடிட்.

மகாராஷ்டிர அரசு புதிய கல்விக் கொள்கைப்படி 2023-இல் வகுத்த இரண்டாண்டு முதுநிலைக் கட்டமைப்பை எடுத்துக்கொள்வோம். ஒரு பருவத்துக்கு 22 கிரெடிட். நான்கு பருவத்துக்கு 88. இதில் ஆய்வு முறையியல் பாடத்துக்கு 4, மூன்றாம் பருவ ஆய்வுத் திட்டத்துக்கு 4, நான்காம் பருவ ஆய்வுத் திட்டத்துக்கு 6. ஆக மொத்தம் 14. எண்பத்தெட்டில் பதினான்கு என்பது ஏறத்தாழ 16 விழுக்காடு. ஆகவே இது ஆய்வும் கலந்த பாட வழிப் பட்டம். இதற்கு மாறாக, இரண்டாம் ஆண்டு முழுவதும் ஆய்வே என்ற வழியில் சென்றால் படிப்புக் காலத்தில் பாதி ஆய்வுக்குப் போகிறது.

இதில் ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று நினைக்க வேண்டாம். அரசுத் தேர்வெழுதி வேலைக்குப் போக விரும்பும் பிள்ளைக்குப் பாடங்கள் மிகுந்த படிப்பு நல்லது. பிஎச்.டி. செய்ய உறுதி கொண்ட பிள்ளைக்கு ஆய்வு மிகுந்த படிப்பு நல்லது. எதில் சேர்கிறோம் என்று தெரிந்து சேர வேண்டும் என்பதே முக்கியம்.

இன்னொரு வசதியையும் அறிந்துகொள்ளலாம். குடும்பச் சூழ்நிலையால் முதலாண்டோடு நிறுத்த நேர்ந்தால், புதிய கட்டமைப்பில் முதுநிலை டிப்ளமோ பெற்று வெளியேற வழி உண்டு. பெற்ற கிரெடிட்டுகள் மாணவரின் பெயரில் கல்விக் கிரெடிட் வங்கியில் இருக்கும். அதிகபட்சம் 7 ஆண்டு வரை அவை செல்லும். இவ்வசதி நாம் சேரும் படிப்புக்கு உண்டா என்பதைக் கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும்.

சேர்க்கைத் தகுதி

மும்பையில் தோபிதலாவில் உள்ள செயின்ட் சேவியர் கல்லூரியில் இளநிலையில் நிலவியல் படிக்கலாம். பவாய் ஐ.ஐ.டி.யின் புவி அறிவியல் துறையில் பயன்பாட்டு நிலவியல், பயன்பாட்டுப் புவி இயற்பியல் ஆகிய எம்.எஸ்சி. படிப்புகள் உள்ளன. பக்கத்துப் புனேயில் சாவித்ரிபாய் புலே பல்கலைக்கழகத்தில் நிலவியல் துறை இருக்கிறது. தமிழ்நாட்டுக்கே போய்ப் படிக்க விரும்பினால் சென்னைப் பல்கலைக்கழகம், அண்ணா பல்கலைக்கழகம், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், சேலம் பெரியார் பல்கலைக்கழகம், தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி ஆகியவற்றில் இத்துறை உண்டு.

ஐ.ஐ.டி. எம்.எஸ்சி.யில் சேர ஜாம் என்னும் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். மொத்தம் 7 பாடங்களில் நடக்கும் இத்தேர்வில் நிலவியலும் ஒன்று. இயற்பியல், கணிதம் முதலியனவும் உண்டு. மூன்று மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண். "என் பிள்ளை பி.எஸ்சி. இயற்பியல்தான் படித்தான், நிலவியலே படிக்கவில்லையே" என்று பெற்றோர் தயங்க வேண்டியதில்லை. புவி இயற்பியல் படிப்புக்கு இயற்பியலும் கணிதமும் படித்தவர்கள் தேவை. இளநிலையில் எந்தெந்தப் பாடம் எத்தனை ஆண்டு படித்திருக்க வேண்டும் என்பது மட்டும் படிப்புக்குப் படிப்பு மாறும். நுழைவுத் தேர்வில் நல்ல இடம் பெற்றும் இந்தப் பாடத் தகுதி இல்லாமல் இடம் கிடைக்காமல் போகலாம். எனவே விண்ணப்பக் கட்டணம் கட்டுமுன்பே இதைச் சரிபார்க்க வேண்டும்.

எம்.டெக். வகைப் படிப்புகளுக்கு கேட் தேர்வு. அதில் தகுதி பெற்றுச் சேர்வோருக்கு மத்திய அரசின் உதவித்தொகை மாதம் 12,400 ரூபாய். எம்.எஸ்சி. மாணவர்களுக்கு இத்தகைய மாதத் தொகை பொதுவாக இல்லை. பிஎச்.டி. நிலையில் சி.எஸ்.ஐ.ஆர். நடத்தும் நெட் தேர்வில் இளநிலை ஆய்வாளர் தகுதி பெற்றவர்களுக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் என உயர்த்தப்பட்டது. அத்தேர்வில் புவி, வளிமண்டலம், கடல், கோள் அறிவியல் என்று தனிப் பாடமே இருக்கிறது. ஆகவே "எத்தனை ஆண்டு வருமானமில்லாமல் இருப்பது" என்ற கேள்விக்கு விடை, எந்த வழியில் சேர்கிறோம் என்பதைப் பொறுத்தது.

நெறியாளர்

ஆய்வு வழிப் படிப்பில் நெறியாளரைத் தேர்ந்தெடுப்பது மிக முக்கியமானது. சில நிறுவனங்களில் சேர்ந்த பிறகு துறை நெறியாளரை ஒதுக்கும். வேறு சில இடங்களில் முன்பே ஓர் ஆசிரியர் ஏற்றுக்கொண்டால்தான் சேர்க்கையே நடக்கும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில், குறிப்பாகக் கனடாவில், ஆய்வேட்டு வழி எம்.எஸ்சி.க்குப் பெரும்பாலும் இந்த இரண்டாவது முறையே வழக்கம்.

ஓர் ஆசிரியர் எத்தனை பேருக்கு நெறியாளராக இருக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. 2022 விதிகளின்படி பிஎச்.டி. மாணவர்களைப் பொறுத்தவரை பேராசிரியர் 8, இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 பேர் வரை ஒரே நேரத்தில் ஏற்கலாம். எனவே "இடமில்லை" என்று ஓர் ஆசிரியர் சொன்னால் அது பிள்ளையின் தகுதியைக் குறைத்துச் சொன்னதாகாது. அடுத்தவரை அணுக வேண்டும்.

நெறியாளர் ஓய்வு பெற்றாலோ, வேறு நிறுவனத்துக்குப் போனாலோ மாணவரின் நிலை என்ன? ஆய்வுத் தலைப்பை மாற்ற எவ்வளவு காலம் வரை அனுமதி? திருமணமாகி வேறு ஊருக்குப் போகும் மாணவி ஆய்வைத் தொடர முடியுமா? பிஎச்.டி. விதிகளில் இக்கடைசிக் கேள்விக்கு விடை தெளிவாக உள்ளது: அவ்வாறு இடம் மாறும் பெண் தன் ஆய்வுத் தரவுகளைப் புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், 240 நாள் வரை மகப்பேறு விடுப்பும் உண்டு, அதிகபட்ச காலத்துக்கு மேல் 2 ஆண்டு தளர்வும் உண்டு. முதுநிலை ஆய்வுப் பட்டத்துக்கு இத்தகைய விதி இருக்கிறதா என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகத்தில் கேட்டறிய வேண்டும்.

களப்பணி

புவி அறிவியலுக்கே உரிய விதி இது. சுத்தியலும் திசைகாட்டியும் எடுத்துக்கொண்டு மலைக்கும் ஆற்றுக்கும் சென்று பாறையைப் பார்த்து வரைபடம் தயாரிப்பது பாடத்தின் பகுதி. அதற்குக் கிரெடிட் உண்டு. நம் வீடுகளில் பெண்பிள்ளையைப் பத்து நாள் வெளியூர் அனுப்பத் தயங்குவோர் இருக்கிறார்கள். இங்குக் களப்பணியைத் தவிர்த்தால் அந்தக் கிரெடிட் கிடைக்காது. கிரெடிட் குறைந்தால் பட்டமே தாமதமாகும். இதனால் ஒரு பெண்ணின் படிப்பு நடுவில் நின்றுவிடக் கூடாது.

எனவே சேரும் முன்பே துறையிடம் கேட்க வேண்டியவை: ஆண்டுக்கு எத்தனை நாள் களப்பணி? உடன் பெண் ஆசிரியர் வருவாரா? தங்குமிடம் எங்கே? செலவை யார் ஏற்பது? விபத்துக் காப்பீடு உண்டா? இக்கேள்விகளைக் கேட்பது ஆசிரியர்மீது ஐயம் கொள்வதாகாது. பெற்றோரின் மனம் தெளிந்தால் பிள்ளை நிம்மதியாகப் படிப்பாள்.

ஆய்வேடும் வாய்மொழித் தேர்வும்

ஆய்வேடு என்றால் நூல்களிலிருந்து திரட்டி எழுதிய கட்டுரை என்று சிலர் எண்ணுகிறார்கள். மாணவர் தாமே அளந்து, சேகரித்து, கணக்கிட்டு, அதிலிருந்து தாமே ஒரு முடிவுக்கு வருவது ஆய்வேடு. மித்தி ஆற்றுப் படுகையில் ஓரிடத்தில் மண் மாதிரி எடுத்தால், எந்த இடம், எந்த நாள், எந்த ஆழம், எந்தக் கருவி என்பதெல்லாம் குறிப்பேட்டில் இருக்க வேண்டும். வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் அதைத்தான் கேட்பார்.

பிறர் எழுதியதைத் தமதென்று காட்டுவதற்கு மானியக் குழுவின் 2018 விதிகளில் தண்டனை வகுக்கப்பட்டுள்ளது. முறையாக மேற்கோள் காட்டியவை, நூற்பட்டியல் முதலியவற்றை நீக்கிய பிறகு, ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை இருந்தால் 6 மாதத்துக்குள் திருத்திய ஆய்வேட்டைத் தர வேண்டும். 40-க்கு மேல் 60 வரை இருந்தால் ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டைத் தர இயலாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். பணம் வாங்கிக்கொண்டு ஆய்வேடு எழுதித் தருகிறோம் என்று அழைக்கும் கடைகளை நம்பிப் போகிறவர்கள் இந்த எண்களை நினைவில் கொள்ள வேண்டும்.

சான்றிதழ்கள்: வெளிமாநிலத்தார் கவனிக்க

நம்மவர்களுக்கு அதிக இழப்பு நேர்வது இந்த இடத்தில்தான். ஆதலால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பட்டியல் இனங்களின் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் தனி. ஆந்திரத்தில் பிறந்து, சிறு வயதில் தந்தையுடன் மும்பைக்கு வந்த பழங்குடி மாணவர் ஒருவர், சேட் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியில் இட ஒதுக்கீட்டில் இடம் கேட்டுத் தொடுத்த வழக்கில், 1990-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. ஒரு மாநிலத்துப் பட்டியலின்படி பெற்ற தகுதி, குடிபெயர்ந்த மாநிலத்துக்குத் தானாகக் கூட வராது. ஒரே பெயருள்ள இனம் இரு மாநிலப் பட்டியலிலும் இருந்தாலும் அப்படியே என்பது அத்தீர்ப்பின் சாரம். 2018-இல் மற்றோர் ஐந்து நீதிபதிகள் அமர்வும் இந்நிலையை உறுதி செய்தது.

இதன் நடைமுறைப் பொருள் என்ன? மகாராஷ்டிர அரசின் ஒதுக்கீட்டைக் கேட்க, பட்டியல் இனத்தவரானால் 1950 ஆகஸ்டு 10-க்கு முன்பே, இதர பிற்படுத்தப்பட்டோரானால் 1967 அக்டோபர் 13-க்கு முன்பே குடும்பம் இம்மாநிலத்தில் நிலையாக வாழ்ந்ததற்கு ஆதாரம் வேண்டும். அந்தச் சாதி இம்மாநிலப் பட்டியலிலும் இருக்க வேண்டும். தாத்தாவின் பழைய பள்ளிச் சான்றிதழ், வாடகைச் சீட்டு, மில் அல்லது தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை செய்த பதிவு ஆகியவை இங்கே பொன்னுக்குச் சமம். பழைய தகரப் பெட்டியில் உள்ள எந்தத் தாளையும் எறிந்துவிட வேண்டாம்.

அவ்வாறு ஆதாரம் இல்லாத குடும்பங்கள் மனம் தளர வேண்டியதில்லை. ஐ.ஐ.டி., இந்திய அறிவியல் நிறுவனம் போன்ற மத்திய நிறுவனங்களில் சொந்த மாநிலத்துப் பட்டியலின்படி பெற்ற சான்றிதழ் செல்லும். தந்தையின் சொந்த ஊர்ச் சான்றிதழைக் காட்டி, குடிபெயர்ந்தோருக்கான படிவத்தில் இங்கேயே சான்றிதழ் பெறவும் மத்திய அரசின் வழிகாட்டுதல் உண்டு. ஆகவே தாராவியில் வளர்ந்த பிள்ளைக்கு மும்பையிலேயே பவாய் ஐ.ஐ.டி.யில் ஒதுக்கீடு உண்டு. மாநிலப் பல்கலைக்கழகத்தில் இல்லாமல் போகலாம். இந்த ஒரு வேறுபாட்டை அறியாமல் விண்ணப்பத்தையே போடாமல் விட்டுவிடக் கூடாது.

பிற்படுத்தப்பட்டோருக்கு இன்னொரு கவனம் தேவை. மத்திய நிறுவனங்களுக்கு, மத்திய அரசுப் படிவத்தில் வாங்கிய நான்-கிரீமிலேயர் சான்றிதழ் வேண்டும். அது எந்தத் தேதிக்குப் பின் வழங்கப்பட்டிருக்க வேண்டும் என்று அறிவிப்பில் இருக்கும். போன ஆண்டு வாங்கியது இந்த ஆண்டு பயன்படாமல் போகலாம்.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் தெளிவுபடுத்திக்கொள்வோம். பல்கலைக்கழகங்கள் கேட்கும் மைக்ரேஷன் சர்டிபிகேட் வேறு. குடிபெயர்ந்தோருக்கான சாதிச் சான்றிதழ் வேறு. முன்னது, ஒரு பல்கலைக்கழகத்தை விட்டு மற்றொன்றில் சேரும் மாணவருக்குப் பழைய பல்கலைக்கழகம் தருவது. மும்பையில் பி.எஸ்சி. முடித்து சென்னைக்கோ சேலத்துக்கோ போகும் பிள்ளை, மதிப்பெண் பட்டியல் வந்தவுடனேயே இதற்கு விண்ணப்பித்துவிட வேண்டும்.

பட்டத்தின் பெயரும் வேலையும்

அரசு வேலைக்கான அறிவிப்புகளில் பட்டத்தின் பெயரே குறிக்கப்பட்டிருக்கும். 1851-இல் தொடங்கிய இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கும், மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் யு.பி.எஸ்.சி. ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வு நடத்துகிறது. வயது 21 முதல் 32 வரை. பிற்படுத்தப்பட்டோருக்கு 3 ஆண்டும், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 5 ஆண்டும் தளர்வு. முதுநிலைப் பட்டம் கட்டாயம். நிலவியல், பயன்பாட்டு நிலவியல், கடல் நிலவியல், புவி வேதியியல் என்று ஏற்கப்படும் பட்டங்களின் பெயர்கள் அறிவிப்பில் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும்.

நான்காண்டு இளநிலையிலிருந்து நேரே பிஎச்.டி.க்குப் போகும் வழி திறந்திருப்பதைப் பார்த்து முதுநிலையை விட்டுவிட நினைக்கும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். புதிய பெயர்களில் வரும் ஆய்வுப் பட்டங்களில் சேர்வோர், அந்தப் பெயர் வேலை அறிவிப்பில் இருக்கிறதா என்று முதலிலேயே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அறிவு ஒன்றேயானாலும் அலுவலகத்தில் சரிபார்ப்பவர் பெயரைத்தான் பார்ப்பார்.

சேரும் முன் கேட்க வேண்டிய பத்துக் கேள்விகள்

1. பட்டத்தின் முழுப் பெயர் சான்றிதழில் எப்படி அச்சாகும்?
2. மொத்தக் கிரெடிட் எத்தனை? அதில் ஆய்வுக்கு எத்தனை?
3. இளநிலையில் எந்தப் பாடங்கள், எவ்வளவு மதிப்பெண் வேண்டும்?
4. குறைந்தபட்சக் காலமும் அதிகபட்சக் காலமும் என்ன?
5. நெறியாளரை யார், எப்பொழுது தேர்ந்தெடுப்பது? மாற்ற வழி உண்டா?
6. களப்பணி எத்தனை நாள்? செலவு யாருடையது?
7. மாத உதவித்தொகை உண்டா? எத்தனை மாதம் வரை?
8. ஆய்வேட்டை எத்தனை தேர்வாளர்கள் பார்ப்பார்கள்? திருத்தம் சொன்னால் எவ்வளவு அவகாசம்?
9. நடுவில் நிறுத்தினால் கிடைப்பது என்ன?
10. எந்தச் சான்றிதழ், எந்தப் படிவத்தில், எந்தத் தேதிக்குள்?

இந்தப் பத்துக்கும் விடையை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் விதி எண்ணையும் குறித்து வைக்க வேண்டும். விதிகள் ஆங்கிலத்தில் இருப்பதால் பெற்றோர் தயங்க வேண்டாம். பிள்ளை உரக்கப் படித்துத் தமிழில் பொருள் சொல்ல, வீட்டார் சேர்ந்து கேட்கலாம். அப்படிச் சொல்லும்போது பிள்ளைக்கும் விதி மனத்தில் பதியும். தன் படிப்புக்காக வீடு என்ன தாங்கப்போகிறது என்பதும் விளங்கும். படித்து முடித்த நம் இளைஞர்கள் மாட்டுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் ஞாயிறு தோறும் ஒரு மணி நேரம் ஒதுக்கி, இவ்வாறு விதிகளை வாசித்துக் காட்டினால் எத்தனையோ பிள்ளைகளுக்கு ஓராண்டு வீணாகாமல் மிஞ்சும்.

பாறையைப் படிப்பவருக்குப் பொறுமை வேண்டும். விதியைப் படிப்பவருக்கும் அது வேண்டும். இரண்டையும் படிக்கக் கற்ற பிள்ளைகள் நம் தெருக்களிலிருந்து புறப்பட்டு, நம் தெருக்களை மூழ்கடிக்கும் ஆற்றைப் பற்றியும் ஆய்வேடு எழுதட்டும்.